எங்கள் மாடியில் திருட்டுப் போகும் வெயில்

செம்பூர், மும்பை.
வியாழக்கிழமை, மத்தியானம்.

அன்புள்ள மாப்பிள்ளை அமிர்தநாதனுக்கு,

உம் அக்காள் புருஷன் வியாகப்பன் எழுதுவது. எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில் வெயிலிலிருந்து எடுக்கிற கரண்டை யாரோ தினமும் திருடுகிறார்கள். அந்தத் திருட்டுக்கு வழி செய்து கொடுத்தவர் நீர். இதை முதலில் சொல்லியாகிவிட்டது. இனி மரியாதைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஆண்டவர் கிருபையிலும் மாதாவின் மன்றாட்டிலும் நாங்கள் இரண்டு பேரும் சுகம். நீரும் ஜோஸ்பினும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உம் அக்காள் ரோசம்மாவுக்கு முழங்கால் மட்டும் சுகம் இல்லை. அதற்கும் இந்தத் திருட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது. கீழே வருகிறது, பொறுத்து வாசியும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர். போனில் சொன்னால் நீர் "சரி அத்தான், சரி அத்தான்" என்று நாலு தடவை சொல்லிவிட்டு ஜோஸ்பின் கையில் போனைக் கொடுத்துவிடுவீர். எழுதினால் கடைசிவரை வாசித்தாக வேண்டும். வாத்தியாராக இருந்தவர், பாதியில் மடித்து வைக்க உமக்கு மனசு வராது. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், தமிழைப் பொட்டலம் கட்டிவந்த காகிதத்திலும் இங்கிலீஷை மெஷின் மேல் அடித்திருந்த தகட்டிலும் படித்தவன். பிழை இருக்கும். போன கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி எனக்கே திருப்பி அனுப்பினீர். இந்தத் தடவை அது வேண்டாம். பிழையை விட்டுவிட்டு விஷயத்தைப் பாரும்.

போன வருஷம் எங்கள் மகள் கிளாராவின் மகன் கல்யாணத்துக்காக தேவ்நாருக்கு வந்த நீர், கல்யாணம் முடிந்ததும் ரயில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. எங்கள் வீட்டில் தங்கினீர், அது சந்தோஷம்தான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடத்துச் சொசைட்டிக் கூட்டத்துக்கு நான் போகும்போது வேடிக்கை பார்க்க வருகிறேன் என்று கூடவே வந்தீர், அதுவும் சரி. ஆனால் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய விருந்தாளியான நீர், செக்ரட்டரி சாருலதா சோலார் என்று வாயைத் திறந்ததும் எழுந்து நின்றுவிட்டீர். வடக்கன்குளத்தில் உம் வீட்டு மாடியில் தகடு பதித்ததையும், அரசாங்கம் சப்ஸிடியை நேராக உம் பேங்க் கணக்கில் போட்டதையும், அதற்கப்புறம் வந்த கரண்ட் பில்லைப் பார்த்து ஜோஸ்பின் "இது நம்ம வீட்டு பில்தானா, பக்கத்து வீட்டுதா" என்று கேட்டதையும் நீர் தமிழில் சொல்ல, கீழ்வீட்டு பேச்சிராஜா அதை இந்தியில் திருப்பிச் சொல்ல, கூட்டமே கை தட்டியது. மாதக்கணக்காக முடிவாகாத சங்கதி அன்றைக்கு ஒரு டீ ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. கை தூக்காமல் இருந்தவன் நான் ஒருவன். மச்சினன் பேசி அத்தான் கை தூக்கவில்லை என்று ஊர் பேசும் என்று உம் அக்காள் முதுகில் குத்தினாள். அப்போதும் தூக்கவில்லை. அப்புறம் ஏன் தூக்கினேன் என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் கட்டடம் உமக்குத் தெரியும். குடிசையை எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கட்டிக் கொடுத்த கட்டடம். ஏழு மாடி, ஒரு லிப்ட். வீட்டுக்குக் காசு வாங்கவில்லை, லிப்ட் ஓடுகிற கரண்டுக்கு வாங்குகிறார்கள். லிப்ட், தண்ணீர் பம்ப், படிக்கட்டு விளக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுவில் ஒரு மீட்டர். அந்த பில்லைக் கட்ட முடியாமல்தான் கமிட்டி மத்தியானம் பன்னிரண்டிலிருந்து சாயங்காலம் ஐந்து வரைக்கும் லிப்டை நிறுத்தி வைக்கிறது. காலையில் இறங்கி ராத்திரி ஏறுகிற ஆபீஸ்காரனுக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. ஆறாவது மாடியில் இருக்கிற ரோசம்மாவுக்குத் தெரியும். புதன்கிழமை மாகிம் கோவிலில் நடக்கிற நொவேனா செபத்தை அவள் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து விட்டதில்லை, கிளாரா வயிற்றில் இருந்தபோதுகூட விட்டதில்லை. இப்போது காலையில் போய்விட்டுத் திரும்பி வந்தால் லிப்ட் நின்றிருக்கும். முழங்கால் ஆறு மாடி ஏறாது. அன்றைக்குச் சாருலதா ஒரு வார்த்தை சொன்னாள். சப்ஸிடி வாங்கி சோலார் போடுவோம், பொது பில் பாதிக்குக் கீழே வந்தால் லிப்டை மத்தியானமும் ஓட விடுவோம் என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தூக்கினேன். உம் பேச்சுக்காக இல்லை. இதை நீர் ஊரில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. அரசாங்கம் எதற்கு நமக்குப் பணம் கொடுக்க வேண்டும்? வாங்குகிறவன் கேட்க வேண்டிய கேள்வி இது, யாருமே கேட்கவில்லை. இந்த ஊரில் எனக்குச் சும்மா கிடைத்தது மழை ஒன்றுதான், அதையும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவன் தகடு போடு, காசு தருகிறேன் என்று சொன்னால் அவனுக்கு வேண்டியது தகடு இல்லை, தகட்டுக்குக் கீழே இருக்கிற மாடி. இன்றைக்கு நம் செலவில் போட வைப்பான், நாளைக்குக் காசு கொடுத்தது நான்தானே என்று மாடிக்கு உரிமை கேட்டு வருவான். இதை நான் சாருலதாவிடம் சொன்னபோது அவள், "அண்ணா, கவர்மெண்டுக்கு நம்ம மாடி எதுக்கு, அவங்ககிட்ட மாடியே இல்லையா" என்று கேட்டாள். அவள் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பேங்கில் வேலை பார்த்தவர்கள் எப்போதும் கொடுக்கிறவன் பக்கமே பேசுவார்கள்.

வேலை எடுத்தவன் பைசான் என்று குர்லாக்காரன். முப்பது வயசுக்கு மேல் இருக்கும், நல்ல மரியாதை, என்னைச் சித்தப்பா முறை வைத்து சாச்சா சாச்சா என்றுதான் கூப்பிடுவான். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற காண்டிராக்டரை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை, அதனாலேயே அவன்மேல் ஒரு கண் வைத்தேன். தகடு ஏற்றினான், கம்பி இழுத்தான், மாடிச் சுவரில் ஒரு பெட்டியும் பக்கத்தில் ஒரு சிவப்புக் கைப்பிடியும் மாட்டினான், பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியாகக் காட்டுகிற புது மீட்டர் வைத்தார்கள். கடைசியில் சப்ஸிடிக்காக ஆட்களோடு சேர்த்துப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்றான். எல்லாரும் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி பவுடர் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். மூத்தவர் நடுவில் நிற்கட்டும் என்று என்னை இழுத்துவிட்டார்கள். நான் நின்றேன், ஆனால் எடுக்கிற நேரம் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். நாளைக்குக் கேஸ் என்று வந்தால் அந்தப் போட்டோவில் என் முகம் இருக்கக் கூடாது. இப்போது அரசாங்கத்து கம்ப்யூட்டரில் எங்கள் கட்டடத்தின் சோலார் தகடும், எல்லார் பல்லும், என் பின்மண்டையும் இருக்கின்றன.

அந்தச் சப்ஸிடி வராது என்றுதான் இருந்தேன். வராமல் இருந்திருந்தால், ஏமாற்றுதான் என்று தெரிந்துகொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். வந்துவிட்டது மாப்பிள்ளை. சொன்னபடி, சொசைட்டிக் கணக்குக்கே வந்துவிட்டது. சாருலதா பேடாவும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தாள். எல்லாரும் தின்றார்கள். எனக்கு அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் வரவில்லை. கேட்டதும் கொடுக்கிறான் என்றால் இதைவிடப் பெரியதாக எதையோ எடுக்கப்போகிறான் என்றுதானே அர்த்தம்.

ஆகவே நான் முன்னேற்பாடு செய்தேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து, மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு போட வேண்டும், சாவி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அது நம்பிக்கையான ஆளிடம் இருக்க வேண்டும் என்றேன். யார் நம்பிக்கையான ஆள் என்று சாருலதா கேட்டாள். நான் ஒவ்வொருவராகப் பார்த்தேன். கடைசியில் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். இன்னொன்றையும் தடுத்தேன். சுவரில் மாட்டிய அந்தப் பெட்டிக்கு ஒரு சிம் கார்டு போட வேண்டும், மாதாமாதம் ரீசார்ஜ் செய்தால் எந்த நேரத்தில் தகடு எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்று போனில் பார்க்கலாம் என்று பைசான் கேட்டிருந்தான். "சூரியனுக்கு எதுக்குப்பா சிம் கார்டு, அது யார்கிட்ட பேசப்போவுது" என்று நான் கேட்டதும் கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள், தீர்மானம் விழுந்தது. எத்தனையோ வருஷத்தில் இந்தச் சொசைட்டியில் நான் சொல்லி நடந்தவை இவை இரண்டுதான்.

அந்தத் தகடுகளை நான் எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்று உம் அக்காளிடம் கேளும். டிராம்பே பக்கத்துப் புகையும் தேவ்நார் குப்பைமேட்டுத் தூசியும் ஒரே ராத்திரியில் படிந்துவிடும். காலையில் காப்பி குடிக்குமுன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் என் பழைய வேட்டியைக் கிழித்த துணியால் ஒவ்வொரு தகடாகத் துடைப்பேன். காக்கை எச்சம் இருந்தால் நகத்தால் சுரண்டுவேன். கிளாரா சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் இப்படி ஒரு நாள் முகம் துடைத்துவிட்டதில்லை என்று உம் அக்காள் சொல்லுவாள். அவ்வளவு பார்த்தும் திருட்டுப் போகிறது என்றால் வயிறு எரியுமா எரியாதா, நீரே சொல்லும்.

முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது அந்தப் புது மீட்டரில்தான். ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தேன். லிப்ட் நின்றிருக்கிறது, பம்ப் ஓடவில்லை, ஆனால் வெளியே போவதைக் காட்டுகிற எண் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்முடைய கரண்ட், நம் கண்ணுக்கு முன்னால், தெருவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பைசானைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் நிதானமாக, மிச்சமாகிற கரண்ட் கம்பெனிக்குப் போகும் சாச்சா, அவர்கள் அதைக் கணக்கில் எழுதிக்கொண்டு, ராத்திரி நாம் எடுப்பதில் கழித்துவிடுவார்கள், அதில்தான் பில்லே குறையும் என்றான். அதாவது என் வீட்டில் பொங்கிய சோற்றைப் பகலில் எதிர்வீட்டுப் பானையில் கொட்டிவிட வேண்டும், ராத்திரி பசித்தால் அவன் அள்ளிப் போடுவான், எவ்வளவு கொட்டினோம் என்று எழுதி வைப்பவனும் அவனே. கேட்கிறவன் கேணையன் என்று நினைத்தால்தான் இப்படிச் சொல்லத் தோன்றும்.

குர்லா ஒர்க்‌ஷாப்பில் நான் லேத் ஓட்டியதெல்லாம் உமக்குத் தெரியும். சாப்பாட்டு மணி அடித்தால் மெஷினை நிறுத்துவதோடு விடமாட்டேன், மெயினையும் இறக்கிவிட்டுத்தான் கை கழுவப் போவேன். வேலை இல்லாத நேரத்தில் கரண்ட் சும்மா நிற்கக் கூடாது. சேட்டு மற்றவர்களைக் கூப்பிட்டு, வியாகப்பனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பார். அந்தப் பழக்கம் இருந்ததால் இங்கேயும் பிழைத்தோம். பன்னிரண்டு மணிக்கு வாட்ச்மேன் லிப்டை நிறுத்தியதும் நான் மாடிக்குப் போய் அந்தச் சிவப்புக் கைப்பிடியைக் கீழே இறக்கிவிடுவேன். இறக்கியதும் மீட்டரில் வெளியே போகிற எண் அப்படியே நின்றுவிடும், போய்ப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். ஐந்து மணிக்கு லிப்ட் ஓடத் தொடங்கியதும் போய் ஏற்றிவிடுவேன். இதை யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் பாராட்டுவார்கள், எனக்குப் பாராட்டு பிடிக்காது. இன்றைக்கும் இறக்கிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இவ்வளவு சிக்கனம் செய்தும் பில் எப்படி வந்தது தெரியுமா? கொஞ்சம் குறைந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாதி எங்கே, இது எங்கே. பில் பாதிக்கு வராததால் சாருலதா சொன்ன சொல்லுக்கு வேலை இல்லாமல் போனது, லிப்ட் மத்தியானம் நின்றது நின்றபடியே இருக்கிறது. வாராவாரம் அவளிடம் போய்க் கேட்டேன். அவள் பைசானைக் கேட்டாள். பைசான் மாடிக்கு வந்து, தகட்டைத் தட்டிப் பார்த்தான், கம்பியை ஆட்டிப் பார்த்தான், எல்லாம் சரியாக இருக்கிறதே என்று தலையைச் சொறிந்தான். அவன் எப்போது வந்தாலும் காலையில்தான் வருவான், ஏனென்றால் மத்தியானம் வந்தால் லிப்ட் இருக்காது.

தகடு கரண்ட் எடுக்கிறது, பில்லில் அது வரவில்லை. நடுவில் யாரோ எடுக்கிறான். எங்கள் கட்டடத்தில் பகல் முழுக்க மோட்டார் ஓட்டுகிற ஆள் ஒருவன்தான் உண்டு, பேச்சிராஜா. தாராவியில் இருந்தபோது இட்லி விற்றவன், இங்கே கீழ்வீட்டில் கிரைண்டர் வைத்து மாவு அரைத்துப் பாக்கெட்டில் விற்கிறான். உம் பேச்சை இந்தியில் சொல்லி எல்லாரையும் கை தூக்க வைத்தவனும் அவனே என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம் அவன் வாசலில் போய் நின்று, கிரைண்டர் சத்தம் நம் கரண்டில் ஓடுகிற சத்தமா அவன் கரண்டில் ஓடுகிற சத்தமா என்று காது கொடுத்துக் கேட்டேன். அவன் உள்ளே இருந்தபடியே, "அண்ணாச்சி, மாவு வாங்க வந்தீரா, நாடி பிடிக்க வந்தீரா?" என்றான். நான் சும்மா நிழலுக்கு நின்றேன் என்றேன். "நிழலுக்கு நிக்கதுக்கு ஏன் கதவுல காதை ஒட்ட வைக்கீரு? உள்ள வாரும், மீட்டரைக் காட்டுதேன், வயரைக் காட்டுதேன், வேணும்னா உளுந்தையும் காட்டுதேன்" என்றான். உள்ளே போய் எல்லாவற்றையும் பார்த்தேன். எதுவும் தப்பாக இல்லை. இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறான் என்றால் யாரோ பார்க்க வருவார்கள் என்று முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

இதைவிட எனக்கு மனக்கஷ்டம் என்னவென்றால், புதன்கிழமை நொவேனாவிலிருந்து திரும்பி வருகிற உம் அக்காள் எங்கே உட்காருகிறாள் தெரியுமா? அந்தப் பேச்சிராஜா வீட்டில். லிப்ட் ஐந்து மணிக்குத்தான் என்பதால் அவன் பெண்டாட்டி இசக்கிசெல்வி நாற்காலி போட்டு, சுடச்சுடத் தோசை வார்த்துக் கொடுத்து, காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறாள். நான் சாட்சி தேடிக்கொண்டிருக்கிறேன், இவள் குற்றவாளி வீட்டில் தோசை தின்கிறாள். கேட்டால், "எனக்கு லிப்ட் வேணும், அது வாரது வரைக்கும் நாற்காலி வேணும், ரெண்டையும் நீங்க தரலியே" என்கிறாள். முழங்கால் வீங்கிப் போய் ராத்திரி முனகுவாள், நான் எழுந்து வெந்நீர் வைப்பேன். போன மாதம் இரண்டு புதன்கிழமை அவள் போகவே இல்லை. ஜன்னலில் உட்கார்ந்து செபமாலை சொன்னாள். இதை உமக்குச் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். நீர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே சொல்கிறேன், ஏனென்றால் லிப்ட் ஓடும் என்று அவளை நம்ப வைத்துவிட்டு ரயில் ஏறினவர் நீர்.

நேற்றுதான் உண்மை வெளியே வந்தது. பைசான் தன் பெயர் கெட்டுப்போகிறது என்று, எங்களைக் கேட்காமலேயே போன வாரம் தன் சொந்தக் காசில் அந்தப் பெட்டிக்கு ஒரு சிம் போட்டிருக்கிறான். நேற்றுக் காலையில் வந்து தன் போனில் ஒரு படம் காட்டினான். சாருலதாவும் பார்த்தாள். தகடு எடுக்கிற கரண்டைக் காட்டுகிற ஒரு கோடு காலையிலிருந்து மலை மாதிரி ஏறிக்கொண்டே போகிறது, உச்சிக்குப் போக வேண்டிய நேரத்தில் கத்தியால் வெட்டியது மாதிரி விழுந்து தரையோடு தரையாகப் போகிறது, சாயங்காலம் கொஞ்சம் வால் மாதிரி எழுந்து அடங்குகிறது. தினமும் அப்படியே. "சாச்சா, மாடிக்கு வேற யாராவது போறாங்களா?" என்று கேட்டான். இடுப்பைத் தட்டிக் காட்டி, சாவி என்னிடம் ஒன்றுதான், வெளியாள் ஒருவன்கூடப் போனதில்லை என்றேன். உண்மைதானே. அப்படியானால் பெட்டிதான் பழுது, சூட்டில் நின்றுபோகிறது போலிருக்கிறது, நான் என் செலவில் மாற்றித் தருகிறேன் என்றான் பாவம். அவன்மேல் இருந்த சந்தேகம் எனக்கு அப்போது கொஞ்சம் குறைந்தது. சொந்தக் காசைப் போடுகிறவன் திருடனாக இருக்க மாட்டான், திருடனுக்குத் துணை போகிறவனாக வேண்டுமானால் இருக்கலாம்.

ஆனால் மாப்பிள்ளை, அந்தப் படத்தை நான் மட்டும்தான் சரியாகப் படித்தேன். கோடு விழுகிறது பன்னிரண்டு மணிக்கு. எழுகிறது ஐந்து மணிக்கு. நான் கைப்பிடியை இறக்கிப் பத்திரப்படுத்தி வைக்கிறேனே, சரியாக அதே நேரம். அதாவது நான் எப்போது இறக்குகிறேன், எப்போது ஏற்றுகிறேன் என்று முழுவதும் தெரிந்த ஒருவன், நான் பூட்டிவிட்டு நகர்ந்த அந்த நிமிஷமே உள்ளே புகுந்து, உச்சி வெயிலில் விளைவதை மொத்தமாக வாரிக்கொண்டு, நான் திரும்பி வருவதற்குமுன் போய்விடுகிறான். சாவியும் என்னிடம்தான் இருக்கிறது, பூட்டும் உடையவில்லை. எவ்வளவு பெரிய கைகாரனாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாரும். நான் நேற்று அதைச் சொல்லவில்லை. பைசானும் சாருலதாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பில் குறையாததால் மத்தியானம் லிப்டை நிறுத்துவதை நிரந்தரமாக்கிவிடலாம் என்று ஏழாம் மாடிக்காரர்களே பேசுகிறார்கள், அவர்களுக்கு இன்னும் முழங்கால் இருக்கிறது. அது தீர்மானமாகிவிட்டால் உம் அக்காளுக்கு நொவேனா இந்த ஜன்னலோடு முடிந்தது. ஆகையால் யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். சாருலதா, மீட்டரைக் கழற்றி வேறு ஊரில் சோதிக்க எழுதிப்போட வேண்டும், செம்பூரில் சோதித்தால் செம்பூர்க்காரன்தான் சோதிப்பான். பைசான், பெட்டியை மாற்றக் கூடாது, அது சாட்சி. பேச்சிராஜா, ஒரு வாரம் கிரைண்டரை நிறுத்தி வைத்து, அந்த வாரம் கோடு நேராகிறதா என்று காட்ட வேண்டும், அதுவரை கட்டடத்தில் யாரும் இட்லி தின்னக் கூடாது. ரோசம்மா, அந்த வீட்டு நாற்காலியில் உட்காரக் கூடாது, நம் வீட்டு நாற்காலியை நான் கீழே இறக்கித் தருகிறேன். அரசாங்கம், கொடுத்த சப்ஸிடிக்குப் பதிலாக என்ன வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நீர், அன்றைக்கு எழுந்து பேசியதற்கெல்லாம் நானே பொறுப்பு என்று கைப்பட எழுதி, உம் வடக்கன்குளத்து பில்லையும் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். நான் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. செய்வதைத்தான் தினமும் செய்துகொண்டிருக்கிறேனே.

உமக்கும் ஜோஸ்பினுக்கும் பிள்ளைகளுக்கும் மாதா காவல் இருப்பாளாக. கோபத்தில் எழுதினாலும் என் ஆசீர்வாதத்தில் குறை இல்லை, அது வேறு கணக்கு.

இப்படிக்கு,
உம் அத்தான்,
வியாகப்பன்.

பி.கு.: மேலே இருப்பதெல்லாம் போன வியாழக்கிழமை எழுதியது. உறையை ஒட்டுவதற்குமுன் உம் அக்காள், தம்பிக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று வாங்கி வாசித்தாள். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, திரும்பவும் அந்த இடத்தையே வாசித்தாள். அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏங்க, அந்தச் செவப்புக் கைப்பிடியைத் தெனமும் மத்தியானம் எறக்குதது நீங்கதானா?" என்று கேட்டாள். இறக்கவில்லை, பத்திரப்படுத்துகிறேன் என்றேன். அவள் சண்டை போடவில்லை. கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பைசான் புதுப் படம் காட்டினான், வெட்டு விழாமல் மலை முழுசாக இருந்தது. பெட்டியை மாற்றிவிட்டாயா என்று எல்லாரும் கேட்க, அவன் இல்லை என்று விழிக்க, உம் அக்காள் எழுந்து நின்றாள். பேசுவது உங்கள் குடும்பத்து வியாதி. "திருடனைப் பிடிச்சாச்சு. அவருக்குச் சோறு போடுதவ நான்தான்" என்றாள். பேச்சிராஜா அதை இந்தியில் சொன்னான். கை தட்டல் உமக்குக் கிடைத்ததைவிட அதிகம். வேலை இல்லாதபோது மெயினை இறக்குவது தப்பு என்று எந்த ஒர்க்‌ஷாப்பிலும் சொல்ல மாட்டார்கள், அதை நான் இப்போதும் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பில் வரட்டும் என்று பார்க்காமல் திங்கட்கிழமையிலிருந்தே லிப்டை ஓட விடுவதாகச் சாருலதா சொன்னாள். சொன்னபடி ஓடுகிறது. நேற்று உம் அக்காள் நொவேனாவுக்குப் போய்விட்டு மத்தியானமே மேலே வந்துவிட்டாள், சோறு சூடாக இருந்தது.

அதனால் செய்ய வேண்டியவை கொஞ்சம் மாறியிருக்கின்றன. பைசான் அந்தக் கைப்பிடிக்குக் கம்பிக் கூடு செய்து பூட்ட வேண்டும், பூட்டிவிட்டான். ரோசம்மா காலையில் என்னோடு மாடிக்கு வந்து, நான் தகடு துடைத்து முடிக்கும்வரை நின்று, என்னை வெளியே விட்டுக் கதவைப் பூட்ட வேண்டும், பூட்டுகிறாள். பேச்சிராஜா, தினமும் ஒரு பாக்கெட் மாவை "அண்ணாச்சி, இது நம்ம கரண்ட்ல அரைச்சது" என்று சொல்லிக் கொடுத்தனுப்புவதை நிறுத்த வேண்டும், மாவு நன்றாகத்தான் இருக்கிறது. நீர் எனக்கு எதுவும் எழுதி அனுப்ப வேண்டாம், வடக்கன்குளத்தில் யாரிடமும் எதுவும் சொல்லவும் வேண்டாம். நான் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நானே கொண்டுபோய்த் தபாலில் போட வேண்டும். அதுவும் இப்போது என் கையில் இல்லை. மணி இரண்டரை ஆகிறது, உம் அக்காள் சேலை மாற்றிக்கொண்டு லிப்ட் வாசலில் நிற்கிறாள், எழுதினது போதும் கொண்டாங்க என்கிறாள்.